கதைப் புருஷனும் கல் புருஷனும்

(காரைக்குடியில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்குச் சிரிப்பை உண்டாக்கக் கூடும். உலகத்தில் இல்லாத ஒருவன்மீது, அதாவது கதையிலே மட்டும் இருக்கிற ஒருவன்மீது, காதல் கொள்ளுகிறார்களே, அதுதான் விஷயம். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நாமும் முதலில் சிரித்தவர்கள்தாம். சிரித்தது தப்பு என்று பிறகு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்தச் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறோம்.

இந்தப் பக்கத்திலேயே நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று. ஊரும் பேரும் வேண்டாம். அந்த வீட்டுப் பெண் படித்தவள், சென்னையில் உத்தியோகம் பார்த்துச் சம்பாதிக்கிறவள், வயது இருபத்தாறு. பார்த்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். காரணம் கேட்டால், "வந்தியத்தேவன் மாதிரி ஒருத்தன் வரட்டும், பார்க்கலாம்" என்கிறாள். செல்போனைத் திறந்தால் அவன் படம். அதுவும் சினிமாவில் நடித்தவரின் படம் அல்ல. ஓவியர் மணியம் அந்தக் காலத்துக் கல்கிப் பத்திரிகைக்கு வரைந்த படம். தாயாருக்கு அதுதான் அதிகப் பயமாய்ப் போயிற்று. "நடிகன் மேலே ஆசை வைத்தாலும் அவன் உயிரோடு இருக்கிற ஆள் என்று சொல்லிக்கொள்ளலாம் அண்ணே, இவள் சித்திரத்தின் மேலே அல்லவா ஆசை வைத்திருக்கிறாள்?" என்று அழுதார்கள். தகப்பனாரோ பெண்ணுக்குக் காத்துக் கருப்பு அண்டியிருக்கிறது என்று எவனோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ஒரு கோடாங்கிக்கு முன்பணமும் கொடுத்து, உடுக்கையடிக்க வெள்ளிக்கிழமையும் குறித்துவிட்டார். அந்த நிலையில்தான் நமக்கு ஆள் வந்தது.

நாம் போய், கோடாங்கி இந்த வாசற்படியை மிதித்தால் நாம் மிதிக்கமாட்டோம் என்று சொல்லி அவனை நிறுத்தினோம். அதுமட்டுந்தான் நாம் சரியாகச் செய்தது. பிறகு பெண்ணைக் கூப்பிட்டுப் பகுத்தறிவு போதிப்பதாக எண்ணிக்கொண்டு கேலி பேசினோம். "ஏனம்மா, தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையாருடைய புருஷன் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேருக்குமேலே சிரிப்பு, வீரம், குதிரைச் சவாரி அவ்வளவும் கல்கி கிருஷ்ணமூர்த்தி 1950 முதல் 1954 வரை வாராவாரம் உட்கார்ந்து எழுதியது. இதற்காகவா மாப்பிள்ளைகளைத் துரத்துகிறாய்?" என்றோம்.

அதற்கு அந்தப் பெண் சொன்ன பதிலை அப்படியே சொல்லுகிறோம்: "எழுதினதுதான் என்று எனக்குத் தெரியாதா மாமா? தெரிந்துதானே படிக்கிறேன். நீங்கள் எல்லாருமாய்ப் பார்த்து வைத்த மாப்பிள்ளைகள் நாலு பேர் வந்தார்களே, அதிலே ஒருத்தராவது என்னிடத்தில் நேராக ஒரு கேள்வி கேட்டார்களா? சம்பளம் எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டார்கள். நகை எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டார்கள். அந்தக் கதையிலே வருகிறவன் எதிரே நிற்பவள் ராஜகுமாரியானாலும் படகுக்காரியானாலும் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். அவள் திருப்பிச் சொன்னால் கேட்டுக்கொள்கிறான். நான் கேட்கிறது அவ்வளவுதான்."

தோழர்களே, இதற்கு நம்மிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தோம்.

இல்லாதவன்மீது காதல் என்பது இந்த நாட்டிற்குப் புதிதா? உலா என்று ஒருவகைப் பிரபந்தம் நம் பண்டிதர்கள் கொண்டாடுவது. ராஜாவோ சாமியோ வீதியில் பவனி வருவார். ஏழு பருவத்துப் பெண்களும் வரிசையாய் நின்று அவர்மேல் மையல் கொண்டு, வளை கழன்று, உடம்பு மெலிந்து போவார்கள். ஏழு பருவத்தில் முதலாவதான பேதைக்கு வயது என்ன தெரியுமா? ஐந்து முதல் ஏழு! அவளுக்குக் காதல் இன்னதென்று தெரியாது என்று புலவரே சொல்லிக்கொள்ளுவார். ஆனாலும் அவளை வரிசையில் நிறுத்தாமல் விடமாட்டார். ஒட்டக்கூத்தர் மூன்று சோழ ராஜாக்களுக்கு இப்படி மூன்று உலாப் பாடினார். கம்பரும் மிதிலை வீதியில் ராமன் போகும்போது ஊர்ப் பெண்களை எல்லாம் அப்படித்தான் நிறுத்தினார். 1939-ல் சா. கணேசன் கம்பன் கழகம் ஆரம்பித்த ஊரல்லவா இது? அந்தக் கட்டத்தைப் பண்டிதர்கள் ரசித்து ரசித்துப் பேசுவதை இங்கே உட்கார்ந்து நாமே கேட்டிருக்கிறோம். அங்கே மயங்கின பெண்களில் ஒருத்திக்காவது கோடாங்கி வைத்ததாகக் கம்பர் பாடவில்லை.

இதிலே இன்னொரு வேடிக்கை. பெண்ணின் மையலைப் பாடினவர்கள் அநேகமாய் எல்லாரும் ஆண்பிள்ளைகள். நம்மாழ்வார் பராங்குச நாயகியானார். திருமங்கையாழ்வார் பரகால நாயகியானார். ஆண்பிள்ளை சேலை கட்டிக்கொண்டு சாமிக்காக உருகினால் அது பக்தி. பெண்ணாய்ப் பிறந்தவளே தன் வாயால் சொன்னது என்றால் ஆண்டாள் ஒருத்தியைத்தான் பெரிதாய்க் காட்டுகிறார்கள். அவள் கதையை எப்படி முடித்தார்கள்? ஸ்ரீரங்கத்துக்குப் பல்லக்கில் போய் அரங்கநாதனோடு கலந்து மறைந்தாள் என்று முடித்தார்கள். பெண்ணொருத்தி "இன்னான்தான் எனக்குப் புருஷன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு, அவள் வீடு வாசலோடு பத்து வருஷம் வாழ்ந்தாள் என்று எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இதெல்லாம் பாட்டு, போகட்டும் என்று விடலாம். பாட்டோடு நிற்கவில்லையே! கல்லையே புருஷனாக்கிப் பொட்டுக்கட்டினார்களே! எட்டு வயதும் பத்து வயதும் ஆன பெண்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், "இந்தச் சாமிதான் உனக்குப் புருஷன்" என்று தாலியைக் கட்டிவிட்டு, பிறகு அந்தப் புருஷன் பேரைச் சொல்லிக்கொண்டு மிராசுதாரர்களும் ஜமீன்தாரர்களும் உள்ளே நுழைந்தார்களே! 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் அதற்கு விரோதமாய்த் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த வழக்கத்திலேயே அகப்பட்டு வெளியேறி வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-ல் 'தாசிகள் மோசவலை' என்று நாவலே எழுதினார். அப்படியும் சட்டம் வருவதற்கு 1947 ஆகிவிட்டது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இருபது வருஷம். அந்த இருபது வருஷத்தில் கல்லுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்களுக்கு யார் ஜவாப்தாரி? தெய்வ சம்பந்தம் போய்விடுமே என்று கண்ணீர் விட்ட பெரிய மனிதர்கள் யாராவது தங்கள் வீட்டுப் பெண் ஒன்றை அந்தச் சாமிக்குக் கொடுத்தார்களா?

இதைச் சொல்லுவது எதற்கென்றால், நம் நண்பர் வீட்டுப் பெண்ணின் வந்தியத்தேவனை அவள் வேண்டும்போது புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிடலாம். அவனை எழுதினவர் பேர் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணால் அந்தக் கல்லை எடுத்து எந்த அலமாரியில் வைக்க முடியும்?

சட்டம் வந்ததோ இல்லையோ, அந்த மவுசு பத்திரிகைப் பக்கம் திரும்பிவிட்டது. சாமி போய்க் கதாநாயகன் வந்தான். நம் செட்டிநாட்டில் அதற்கு இடம் தயாராகவே இருந்தது. ஆண்கள் பர்மா, மலேயா என்று கொண்டுவிக்கப் போய்விடுவார்கள்; மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் திரும்புவார்கள். ஆயிரம் ஜன்னல் வீடு என்று பெருமைக்குச் சொல்லுகிறோமே, அதன் ஜன்னல்களுக்கு உள்ளே இருந்தவர்கள் யார்? கலியாணமாகி நாலைந்து மாதத்தில் புருஷனைக் கப்பலேற்றிவிட்டு, வளவில் உட்கார்ந்து வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள்தாம். கடுதாசி வந்தால் அதில் பாதி வட்டிக்கணக்கு; மீதியை மாமனார் படித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். அப்படிப்பட்ட வீட்டிலே வாராவாரம் ஒரு பத்திரிகை வந்து, அதிலே ஓர் ஆண்பிள்ளை ஒரு பெண்ணை மரியாதையாக நடத்துகிறான் என்று படித்தால் மனம் அங்கே போகாமல் எங்கே போகும்?

நம் நண்பர் வீட்டிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. நாம் போய்ப் பேசின அன்று அந்தப் பெண்ணின் அப்பத்தா பட்டாலைத் தூணோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எண்பதைத் தாண்டிய கிழவி. கடைசியில் மெதுவாகச் சொன்னார்கள்: "அவளை ஏன் வைகிறீர்கள்? இவன் வயிற்றிலே இருக்கும்போது இவன் அப்பச்சி பினாங்கில் இருந்தார்கள். நான் வாராவாரம் குறிஞ்சி மலர் படித்துத்தான் நாளைப் போக்கினேன்." நா. பார்த்தசாரதி எழுதி 1960-ஐ ஒட்டிக் கல்கியில் தொடராக வந்த கதை அது. அரவிந்தன் என்று கதாநாயகன், பூரணி என்று கதாநாயகி. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கு அந்தப் பேர்களை வைத்தார்கள். பிற்பாடு தூர்தர்ஷனில் அது நாடகமாக வந்தபோது அரவிந்தனாய் நடித்தவர், 2021-ல் முதலமைச்சரான மு.க. ஸ்டாலின். அந்த அம்மாளின் மகனுக்கு, அதாவது கோடாங்கிக்கு முன்பணம் கொடுத்தாரே அவருக்கு, வைத்திருக்கிற பேர் என்ன என்று நாம் சொல்லப்போவதில்லை. நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். அவர் அன்றைக்குத் தலையைக் குனிந்தவர் நாம் எழுந்து வருகிறவரை நிமிரவில்லை.

ஆண்பிள்ளைகள் இதில் யோக்கியர்கள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அதே பட்டாலையில் ரவிவர்மா அச்சுப்படங்கள் வரிசையாய்த் தொங்குகின்றன. தமயந்தியையும் சகுந்தலையையும் கண்ணாடி போட்டு மாட்டினவர்கள் ஆண்கள்தாமே? 2022-ல் பொன்னியின் செல்வன் சினிமா வந்தபோது நந்தினி, நந்தினி என்று கிழவர்கள்கூடப் பிதற்றினார்கள். கல்கி கற்பனையாய்ப் படைத்த நந்தினியிடம் ஆண் மயங்கினால் ரசனை. வந்தியத்தேவனிடம் பெண் மயங்கினால் பேய்.

1987, 88-ல் டெலிவிஷனில் ராமாயணம் வந்தபோது மறுபடியும் கதைக்குச் சாமி வேஷம் வந்தது. பெட்டிக்கு மாலை போட்டார்கள், சூடம் கொளுத்தினார்கள். ராமனாய் நடித்தவரின் காலில் விழுந்தார்கள். படித்த நாடு என்கிறோம்!

இப்போது பிற தேசங்களில் இது வேறு ரூபம் எடுத்திருக்கிறது. ஜப்பானில் ஹட்சுனே மிக்கு என்று ஒரு பாடகி. அவள் மனுஷி அல்ல, கம்ப்யூட்டரில் செய்த குரலும் சித்திரமும். 2018-ல் ஒருவர் அவளையே கலியாணம் செய்துகொள்வதாகச் சடங்கு நடத்தினார். வேலை இடத்தில் பட்ட அவமானத்தால் ஒடுங்கிக் கிடந்த தன்னை அந்தப் பாட்டுத்தான் எழுப்பிவிட்டது என்று அவர் சொன்னார். கண்ணாடிக் குழாய்க்குள் அவளைத் தோன்றவைத்துப் பதில் பேசவைக்கும் ஒரு கருவியும் வைத்திருந்தார். 2020-ல் அந்தக் கம்பெனி அந்தச் சேவையை நிறுத்திவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. இப்போது செல்போனிலேயே காதலன், காதலி என்று பேசுகிற யந்திரங்கள் வந்துவிட்டன. மாதச் சந்தா கட்டினால் அதிக அன்பு. 2023-ல் அப்படிப்பட்ட கம்பெனி ஒன்று யந்திரத்தின் பேச்சை ஒரு நாளில் மாற்றிவிடவே, பல தேசங்களில் ஜனங்கள் துக்கம் கொண்டாடினார்கள்.

இவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு இப்போது மனம் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். கோயில் கல்லுக்கு ஓர் அர்ச்சகர் இருந்தார். இந்தக் கண்ணாடிக் குழாய்க்கு ஒரு கம்பெனி இருக்கிறது. சாமி பேசவில்லை என்றால் தட்சணை போதவில்லை என்பார் அவர். சந்தா போதவில்லை என்கிறான் இவன். அந்தக் கதைப் புத்தகமோ ஒரு தடவை விலை கொடுத்தால் தீர்ந்தது. கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமை ஆன பிறகு அதுகூட இல்லாமல் படிக்கலாம். நம் வீட்டுப் பெண்கள் எந்த இல்லாதவனை விரும்பினாலும், அவன் பேரில் வசூல் செய்கிறவன் யார் என்று பாருங்கள். அப்புறம், அவன் கொடுப்பதாகச் சொல்லுகிற மரியாதை நம் வீட்டில் ஏன் கிடைக்கவில்லை என்றும் பாருங்கள். முறைச்சிட்டையில் பாத்திரம், பண்டம், வெள்ளி, வைரம் என்று பக்கம் பக்கமாய் எழுதுகிறோம். பெண்ணிடம் மாப்பிள்ளை அரைமணி பேசவேண்டும் என்று எந்தச் சிட்டையிலாவது ஒரு வரி உண்டா?

அந்த வரியைத்தான் நாம் நண்பரிடம் கேட்டோம். அப்பத்தாவும் நம் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். போன மாதம் ஐந்தாவது மாப்பிள்ளை வந்தார். பெரியவர்கள் எல்லாரும் முகப்பிலேயே இருந்துகொண்டு, அவர்கள் இருவரையும் வளவில் தனியாய்ப் பேச விட்டோம். தகப்பனார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி ஆயிற்று. பெண் வெளியே வந்து நம்மிடம் சொன்னாள்: "மாமா, நான் மூன்று கேள்வி கேட்டேன். இரண்டுக்குப் பதில் சொன்னார். மூன்றாவதுக்கு யோசித்துச் சொல்லுகிறேன் என்றார். திருப்பி என்னை நாலு கேள்வி கேட்டார்." என்ன கேள்விகள் என்று நாம் கேட்கவில்லை. கோடாங்கி மாத்திரம் முன்பணத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.