கந்தோர் வாசலில் தமிழ்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

பொதுப்பணியில் ஈடுபட்ட ஒருவரைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். காந்தியடிகளையோ நாவலர் பெருமானையோ எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நானோ நம் காலத்தவரான திரு. மனோ கணேசன் அவர்களை எடுத்துக்கொள்கிறேன். கட்சிப் பேச்சு இச்சபைக்கு ஆகாது என்பதை அறிவேன். அவர் வகித்த ஒரு பதவியைப் பற்றியதே என் பேச்சு. தேசிய சகவாழ்வு, கலந்துரையாடல், அரச கரும மொழிகள் அமைச்சர் என்பது அப்பதவி. பல இனத்தாரும் அரசாங்கத்தின் வாசலிற் சமமாக நிற்கும்படி செய்வது அதன் வேலை.

அந்த வாசலை நான் அறிந்தது என் அம்மாயியோடு. அவருக்கு ஒருநாள் ஒரு கந்தோரிலிருந்து கடிதம் வந்தது, முழுவதும் சிங்களம். மிஷன் பள்ளிக்கூடத்திற் பதின்மூன்று ஆண்டு படித்தவன் நான். ஆங்கிலத்தில் வேத வசனம் ஒப்புவிப்பேன். ஆனால் அக்கடிதத்தில் திகதியைத் தவிர வேறொன்றும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் பள்ளியில் எல்லோரும் ஒரே மணிக்கு எழுந்தோம், ஒரே மைதானத்தில் விளையாடினோம். சிங்கள மாணவர் ஒரு வகுப்பு, நாங்கள் ஒரு வகுப்பு. கிரிக்கெட்டுக்குப் போதுமான சிங்களமே என்னிடம் இருந்தது. கந்தோருக்குப் போனோம். தமிழில் எழுதித் தரமுடியாதா என்று கேட்க நான் வாயெடுத்தபோது அம்மாயி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரு தம்பி, கோவிச்சுக்கிட்டா வேல நடக்காது" என்றார். வெளியே இருந்த ஒருவருக்கு இருநூறு ரூபா கொடுத்து வாசிப்பித்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

நாங்கள் இருவருமே அறியாதது சட்டம். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது எல்லோருக்கும் தெரியும். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டின் 16 ஆம் திருத்தத்தின்படி, சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் கண்டியிலும் ஒருவர் கந்தோருக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலே மறுமொழியும் பெறலாம். 1991 இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 2007 ஜூலைக்குப் பின் சேரும் உத்தியோகத்தர் ஐந்தாண்டுக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென்று சுற்றுநிருபமும் வந்தது. அக்காலத்தில் இப்பொறுப்பை ஏற்றிருந்தவர் டியூ குணசேகர என்னும் சிங்களவர். அவர்க்குப் பின் வாசுதேவ நாணயக்கார, அவரும் சிங்களவரே. தமிழரின் காரியத்தைத் தமிழரே பார்க்கவேண்டுமென்று நம்மிற் சிலர் சொல்லும்போது எனக்கு இவ்விருவர் நினைவு வரும்.

இவர்கள் வழியில் வந்தவரே மனோ கணேசன். 1959 இற் பிறந்தவர். தந்தையார் வி. பி. கணேசன் தொழிற்சங்கவாதி, 1975 இல் வந்த "புதிய காற்று" படத்தைத் தயாரித்து நடித்தவரென்றால் பெரியோர் சிலர் தலையசைப்பீர்கள். மகன் 2001 இல் பாராளுமன்றம் புகுந்தார். 2006 ஆட்கள் கடத்தப்பட்ட காலம். காணாமற் போனோரின் பெயர்களைத் திரட்டி உரத்துச் சொல்ல மக்கள் கண்காணிப்புக் குழுவை அமைத்தார். அவரோடு நின்ற நடராஜா ரவிராஜ் அவ்வாண்டு நவம்பர் 10 ஆந் திகதி கொழும்பிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 2010 இல் மனோ கணேசன் நமது கண்டி மாவட்டத்திற் போட்டியிட்டார். நாம் அவரைத் தெரிந்தனுப்பவில்லை. மறு ஆண்டு கொழும்பு மாநகர சபைக்குப் போனார். இதனை இறக்கமென்று சொல்வார்கள். வடிகாலையும் குப்பையையும் பேசும் சபையில் இருந்தவருக்கே கந்தோர் வரிசையின் அருமை தெரியுமென்பது என் எண்ணம். 2015 செப்டெம்பரில் அமைச்சரானார். இடையிற் சில வாரங்கள் நீங்கலாக 2019 நவம்பர் வரை இருந்தார்.

அவர் பதவியில் இருந்தபோதே, 2018 மார்ச்சில், திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6 ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. சகவாழ்வுக்கென்று ஓர் அமைச்சு இருந்த நாட்டிலே, நம் வீட்டிலிருந்து பஸ்ஸிற் போய்வரும் தூரத்திலே இது நடந்தது. அமைச்சரைக் குறை கூறேன். பொலிஸ் அவர் கையில் இல்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். திகனையில் மொழி விளங்காமல் நெருப்பு வைக்கவில்லை. கடைக்காரரும் கல்லெறிந்தவரும் ஒரே சிங்களத்திற் பேசக்கூடியவர்கள். மொழி தெரிந்தால் எல்லாம் தீரும் என்று மேடையிற் பேசுவோர் (நானும் பேசியிருக்கிறேன்) இதற்கு என்ன விடை சொல்வோம்? என்னிடம் விடை இல்லை. பக்கத்து வீட்டாரின் மனத்தை ஓர் அமைச்சு மாற்றுமென்று இப்போது நான் நம்புவதில்லை. கந்தோர் மேசையை மாற்றலாம் என்று மட்டும் நம்புகிறேன்.

அதுவும் கேட்பாரில்லாமல் நடவாது. நமது மாவட்டத்தில் அக்குறணை, தெல்தோட்டை, பன்வில, பஸ்பாகே கோறளை, உடபலாத்த என ஐந்து பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனமானவை. நாவலப்பிட்டி, கம்பளை அன்பர்களில் எத்தனை பேர் இதனை அறிவீர்கள்? மொழி மறுக்கப்பட்டால் முறையிடுவதற்கென்று ஒரு தொலைபேசி இலக்கம் வைத்தார்கள். அது 1956! எவருடைய குறும்போ தெரியாது, நான் இரசித்தேன்.

இவற்றையெல்லாம் படித்தபின், அம்மாயியின் காரியத்தைத் தமிழில் எழுதி அதே கந்தோருக்கு மறுபடி போனேன். அம்மாயி பயந்துகொண்டே வந்தார். மேசையில் ஓர் இளம் சிங்களப் பெண். கடிதத்தை விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்துக் கூட்டி, வாய்விட்டு வாசித்தார். தோட்டத்தின் பெயரில் இடறியபோது அம்மாயி எடுத்துச் சொன்னார், இருவரும் சிரித்தார்கள். மூன்று வாரத்தில் மறுமொழி தமிழில் வந்தது. அம்மாயியின் பெயரில் ணகரம் னகரமாயிருந்தது.

"திருத்தச் சொல்லி எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுது தம்பி. தமிழ்லயே எழுது" என்றார்.