தண்ணீருக்குத் தேதி உண்டா?

(மும்பையில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று கூட்டம் அரைமணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் கூட்டம் வைத்தால் தாய்மார்கள் எப்படி வருவார்கள்? சங்கத்தின் நேரத்தையும், பிள்ளையின் பள்ளிக்கூட நேரத்தையும், அடுப்பு மூட்டும் நேரத்தையும் குழாய்தான் தீர்மானிக்கிறது. நம் வாழ்க்கையை இப்படி ஆட்டிப்படைக்கும் அந்தக் குழாயைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மும்பை தண்ணீர் இல்லாத ஊர் அல்ல. விஹார், துள்சி, தான்சா, மோடக் சாகர், மேல் வைத்தர்ணா, மத்திய வைத்தர்ணா, பாத்சா என்று ஏழு நீர்நிலைகள் இந்த நகரத்துக்குத் தண்ணீர் தருகின்றன. விஹார் ஏரி 1860இல் கட்டப்பட்டது. மத்திய வைத்தர்ணா 2014இல் வந்தது. இவற்றிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 380 கோடி லிட்டர் நகரத்துக்கு வருகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மும்பையின் மக்கள்தொகை 1 கோடியே 24 லட்சம். இன்று அது ஒன்றரைக் கோடி என்றே வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஒழுகியும் களவு போயும் வீணாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் தலைக்கு 160 லிட்டருக்குக் குறையாது.

ஆனால் நமக்கு என்ன அளவு? கட்டிடத்தில் வாழ்பவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், குடிசையில் வாழ்பவருக்கு 45 லிட்டர். இது மாநகராட்சியே வைத்திருந்த கணக்கு. 15 லிட்டர் குடத்தால் அளந்து பாருங்கள். மாடிவீட்டு மனிதருக்கு ஒன்பது குடம், நமக்கு மூன்று குடம். அந்த மூன்று குடத்தில்தான் குடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும், துவைக்க வேண்டும், கைக்குழந்தையைக் கழுவ வேண்டும். அந்த மூன்று குடமும் எல்லாருக்கும் கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை.

தேதி வைத்துத் தாகம் அளந்த கதை

1996ஆம் ஆண்டு மகாராஷ்டிர அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. 1995ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு எழுந்த குடிசைகளுக்குக் குடிநீர் தரக்கூடாது என்பது அதன் சாரம். பின்னால் அந்தத் தேதி 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு நகர்ந்தது. தேதி நகர்ந்ததே தவிர, தேதி வைப்பது நிற்கவில்லை. டிசம்பரில் வந்தவனுக்குத் தாகம் உண்டு, ஜனவரியில் வந்தவனுக்கு இல்லை என்று சொல்வது போன்ற சட்டம் அது.

தண்ணீர் தராவிட்டால் மக்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். நாம் ஏன் வந்தோம் என்று தெரிந்தவர்கள் இப்படிக் கணக்குப் போட மாட்டார்கள். உச்சநீதிமன்றத்தின் 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, நடைபாதைவாசிகள் வழக்கு, ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பேர்பெற்றது. அதில் மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர், நிலமில்லாத கூலித் தொழிலாளி. வறட்சியால் வேலை இழந்து 1961இல் பம்பாய்க்கு வந்தவர். 1981 ஜூலையில் அவருடைய குடிசையை இடித்து, குடும்பத்தைப் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவியும் பெண்மக்களும் அங்கே தங்கினார்கள். அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடி நடைபாதையில்தான் படுத்தார். இது தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது.

தோழர்களே, தண்ணீர் இல்லாததால் ஊரை விட்டு வந்தவனிடம், இங்கேயும் தண்ணீர் தராமல் விரட்டலாம் என்றால் அவன் எங்கே போவான்? குழாய் இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்குவான். ஒரு குடம் ஐந்து ரூபாய் என்று வைத்தால் ஆயிரம் லிட்டருக்கு முந்நூறு ரூபாயைத் தாண்டுகிறது. 2023ஆம் ஆண்டில் வீட்டு இணைப்புக்கு மாநகராட்சி வாங்கிய கட்டணம் ஆயிரம் லிட்டருக்குப் பத்து ரூபாய்கூட இல்லை. ஏழைகள் இலவசமாகத் தண்ணீர் கேட்கிறார்கள் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். நாம்தான் இந்த நகரத்திலேயே அதிக விலை கொடுத்துத் தண்ணீர் குடிக்கிறோம். அந்தப் பணம் மாநகராட்சிக்குப் போகாமல் தண்ணீர்த் தரகன் கைக்குப் போகிறது.

நீதிமன்றம் சொன்னது என்ன?

இந்த அநீதியை எதிர்த்துப் பானி ஹக் சமிதி என்ற அமைப்பு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2014 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் தண்ணீரும் அடங்கும். ஒருவர் சட்டத்துக்குப் புறம்பான குடிசையில் வாழ்கிறார் என்ற காரணத்துக்காகவே அவருக்குக் குடிநீரை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. இவர்களுக்குத் தண்ணீர் தர ஒரு கொள்கை வகுக்கும்படி மாநகராட்சிக்குக் கட்டளையிட்டது.

தீர்ப்பை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டிடவாசிகளுக்குச் சமமான அளவில் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. கட்டணம் கூடுதலாக வாங்கலாம் என்றும், தண்ணீர் இணைப்பு கிடைத்ததால் குடிசைக்குப் பட்டா கிடைத்ததாக ஆகாது என்றும் சொன்னது. நமக்குக் கிடைத்தது முழு வெற்றி அல்ல. ஆனால் தாகத்துக்குத் தேதி கிடையாது என்பது சட்டமாகிவிட்டது. அது சிறிய காரியமல்ல.

பிறகு 2017இல் மாநகராட்சியின் கொள்கை வந்தது. நடைபாதையில் இருப்போர், மத்திய அரசு நிலத்தில் இருப்போர் என்று பலரை அது வெளியே நிறுத்தியது. அதன் பிறகு 2022 மே மாதத்தில் ‘அனைவருக்கும் தண்ணீர்’ என்ற கொள்கை அறிவிக்கப்பட்டது. பெயர் நல்ல பெயர். ஆனால் அறிவிப்பைக் குடத்தில் பிடிக்க முடியாது.

வருகிற தண்ணீர் எப்படிக் கெடுகிறது?

ஏரியிலிருந்து வரும் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டுத்தான் வருகிறது. நம் சந்துக்குள் நுழையும்போதுதான் அது கெடுகிறது. ஏன்? நம் குழாய்கள் கட்டருக்குள் கிடக்கின்றன. துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கின்றன. நாளில் சில மணி நேரம்தான் தண்ணீர் ஓடுகிறது. ஓடும்போது அழுத்தம் இருப்பதால் சுத்தநீர் வெளியே ஒழுகும். நின்றபின் குழாய் காலியாகி அழுத்தம் குறைகிறது. அப்போது வெளியே கிடக்கும் சாக்கடை ஓட்டை வழியாக உள்ளே போகிறது. மறுநாள் முதலில் வரும் தண்ணீர் அதையும் சுமந்துகொண்டு வருகிறது. மஞ்சள் காமாலை, டைபாய்டு, வயிற்றுப்போக்கு எல்லாம் இப்படித்தான் வீட்டுக்குள் வருகின்றன.

இங்கே நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கும்போது, அந்த இழுப்பு பக்கத்து ஓட்டைகளில் உள்ள சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது. ஒரு வீட்டு மோட்டார் பத்து வீட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைக்கும். மோட்டாரை எடுப்பது நம் கையில் இருக்கிறது. கட்டரை விட்டுக் குழாயை மேலே தூக்கிப் போடுவது மாநகராட்சியின் கடமை. இரண்டையும் நாம் வற்புறுத்த வேண்டும்.

தண்ணீரோடு நின்றுவிடவில்லை இந்த அநியாயம். தான்சாவிலிருந்து நகரத்துக்கு வரும் பெருங்குழாயின் ஓரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன. குழாயைப் பாதுகாக்க இருபுறமும் பத்து மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்று அவர்களை அகற்றினார்கள். பலரைக் கொண்டுபோய் எங்கே விட்டார்கள் தெரியுமா? மாகுலில்! எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனக் கிடங்குகளும் சூழ்ந்த இடம். அந்தப் பகுதியின் காற்று மக்களின் உடல்நலத்துக்கு அச்சுறுத்தல் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. சொன்ன பிறகும் அங்கே குடியேற்றினார்கள். மக்கள் வித்யாவிஹாரில் தெருவில் உட்கார்ந்து மாதக்கணக்காகப் போராடினார்கள். மாகுலுக்குப் போக மறுப்பவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுக்க வேண்டும் என்று 2019இல் உயர்நீதிமன்றம் சொன்னது. குடிநீர்க் குழாயைக் காப்பாற்றினார்கள், நல்லது. அதன் நிழலில் வாழ்ந்தவர்களை யார் காப்பாற்றுவது?

இதை ஏன் இப்போது சொல்கிறோம்? தாராவி மறுசீரமைப்புக்காக தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்க 2024இல் மாநில அரசு முடிவு செய்தது. 1927 முதல் குப்பை கொட்டிய இடம் அது. 2016 ஜனவரியில் நாள்கணக்கில் தீப்பற்றி எரிந்து நகரத்தையே புகையில் மூழ்கடித்த இடம். அங்கேயும் தேதிதான் நம்மைப் பிரிக்கப் போகிறது: இவர் தகுதியுள்ளவர், அவர் தகுதியற்றவர் என்று. தகுதியற்றவருக்கு நுரையீரல் இல்லையா? எங்கே அனுப்பினாலும் அந்த மண்ணையும் நீரையும் காற்றையும் சோதித்த முடிவை முதலில் காட்டு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மாசில்லாத நீரும் காற்றும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் சுபாஷ் குமார் வழக்கில் 1991லேயே சொல்லியிருக்கிறது.

வெளியூர்க்காரன் பங்கு

நாம் தண்ணீர் கேட்டால், “வெளியூர்க்காரன் வந்து எங்கள் தண்ணீரைக் குடிக்கிறான்” என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்குக் கோபமாகப் பதில் சொல்ல வேண்டாம். தானே மாவட்டத்து ஷகாபூர் தாலுகாவைக் காட்டுங்கள். தான்சாவும் பாத்சாவும் அந்தப் பக்கம்தான். நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பும் அந்த மண்ணில் ஆதிவாசிக் கிராமங்கள் கோடையில் டேங்கருக்குக் காத்திருக்கின்றன. அவர்கள் வெளியூர்க்காரர்களா? மண்ணின் மைந்தருக்கும் இல்லை, பிழைக்க வந்தவருக்கும் இல்லை. அப்படியானால் தண்ணீர் மொழி பார்த்துப் போகவில்லை, பணமும் செல்வாக்கும் பார்த்துப் போகிறது. குழாயடியில் நமக்கு முன்னும் பின்னும் நிற்கும் மராத்திய, உத்தரப் பிரதேச, பீகார்ச் சகோதரிகள் நம் எதிரிகள் அல்லர். அவர்கள் குடமும் காலிக்குடம்தான்.

இந்த மகாராஷ்டிர மண் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிடப்பட வேண்டும் என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. நம் சென்னைச் சட்டமன்றத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் அதே நோக்கத்தோடு தீர்மானம் கொண்டுவந்தார். தாளில் எல்லாம் வந்தது. ஆனால் மகாத் ஊரின் சவுதார் குளத்தில் யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதன் பிறகும் வழக்குப் போட்டார்கள். 1937இல்தான் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்மானம் 1923, நடந்தது 1927, தீர்ப்பு 1937. இடையில் மக்கள் நடக்காமல் இருந்திருந்தால் அந்தத் தீர்மானம் இன்றும் பெட்டிக்குள்தான் கிடந்திருக்கும்.

நம் நிலைமையும் அதுதான். 2014இல் தீர்ப்பு வந்துவிட்டது. 2022இல் கொள்கை வந்துவிட்டது. நடக்க வேண்டியது நாம்.

ஆகவே நாம் செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வொரு சந்திலும் குழாய் இல்லாத குடும்பங்களைக் கணக்கெடுப்போம். எந்த ஆண்டு வந்தார்கள் என்று பிரிக்காமல் எடுப்போம். தனித்தனியாகப் போகாமல் குழுவாகச் சேர்ந்து வார்டு ஆபீஸில் மராத்தியில் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுப்போம். முத்திரை வைத்த நகல் வாங்காமல் திரும்ப மாட்டோம். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்வோம். வாய்ப்பேச்சு மறுப்பை ஏற்க மாட்டோம். தரகனிடம் போக மாட்டோம். தண்ணீர் நாறினால் அன்றே புகார் செய்து, மாதிரி எடுத்துச் சோதிக்கக் கேட்போம். அதுவரை கொதிக்க வைத்தே குடிப்போம். ஒரு சந்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் காமாலை என்றால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். அது ஒரு வீட்டு நோய் அல்ல, அந்தக் குழாயின் நோய்.

இந்த வேலையைத் தாய்மார்கள் முன்னின்று நடத்த வேண்டும். எந்தக் குழாய் எப்போது வரும், எங்கே ஒழுகும், எந்தச் சந்தில் நாறும் என்பது எந்த இஞ்சினியரையும்விட அவர்களுக்குத் தெரியும். அடுத்த கூட்டம் குழாய் நேரம் முடிந்த பிறகே தொடங்கும் என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. வரும்போது உங்கள் சந்தின் பட்டியலோடு வாருங்கள். அங்கிருந்து வார்டு ஆபீஸுக்கு எல்லாரும் சேர்ந்தே போவோம்.