சம்பந்தியின் செல் நம்பர்



ஒரு தீபாவளிக்கு மிக்ஸி வாங்கப் போயிருந்தேன். பில் போட்ட கையோடு கவுன்டரில் இருந்த பெண் ஒரு சீட்டை நீட்டினார். பெயர், செல் நம்பர், ஊர் என்று கட்டம் போட்டிருந்தது. "தெரிஞ்சவங்க அஞ்சு பேர் நம்பர் எழுதிக் குடுங்க சார். யாராவது வாங்கினா உங்களுக்கு 500 ரூபா கூப்பன்" என்றார். எனக்கு முன்னால் நின்றவர் செல்போனைப் பார்த்துப் பார்த்து மச்சினர், சம்பந்தி, குடியிருப்புச் செயலாளர் என்று நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். அடியில் கையெழுத்துக்கு ஓர் இடம், அது எழுதுகிறவருக்கு. சம்பந்தியை யாரும் கேட்கவில்லை.

இதுபோன்ற வாடிக்கையாளர் பரிந்துரைத் திட்டத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. பல சட்டங்களைச் சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும். வணிகர்கள் முதலில் பயப்படுவது 1978ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டத்துக்கு. மூன்றாண்டு வரை சிறை என்கிறது அது. ஆனால் 1982இல் சஞ்சயிதா நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் எல்லையைத் தெளிவாக்கியது: சுலபமாகப் பணம் வருகிறது என்பது மட்டும் குற்றமாகாது, அந்தப் பணம் ஆள் சேர்ப்பதோடு பிணைந்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் பிரமிடுத் திட்டத்தைத் தடுப்பதும் இதே அடிப்படையில்தான். விற்ற பொருளுக்குத் தரும் கமிஷனா, சேர்த்த ஆளுக்குத் தரும் கூலியா என்று கேட்டால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். மிக்ஸிக் கடைக் கூப்பன் இந்தச் சோதனையில் தேறிவிடும். மருத்துவருக்கு அந்தச் சலுகையும் இல்லை. நோயாளியை அனுப்பிவைத்ததற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறைகள் சொல்கின்றன.

என் கவலையெல்லாம் சம்பந்தியைப் பற்றித்தான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சீட்டை, காகிதமாக இருக்கும்வரை, தொடாது. சீட்டில் உள்ளதைக் கணினியில் ஏற்றிய கணமே தொடும். நம்பரைச் சொந்த உபயோகத்துக்குத் தன் செல்போனில் வைத்திருந்தவருக்கு விலக்கு உண்டு. அதை வியாபாரத்துக்கு எடுத்துக்கொண்ட கடைக்குக் கிடையாது. நம்பருக்கு உரியவர் விவரம் அறிந்து, தாமாக, தெளிவாகத் தந்த சம்மதம் எங்கே என்று சட்டம் கேட்கும். சீட்டை எழுதியவர் தந்த சம்மதம் சம்பந்தியுடையது ஆகாது. 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முழுமையாக நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். அதற்குள் கடைகள் தங்கள் வழக்கத்தை மாற்றியாக வேண்டும்.

மாற்றுவது கடினமல்ல. நம்பரை வாங்காமல், வாடிக்கையாளர் கையில் ஒரு கூப்பன் குறியீட்டைக் கொடுக்கலாம். அவரே சம்பந்திக்கு அனுப்பட்டும். விருப்பமிருந்தால் சம்பந்தி கடைக்கு வருவார். அந்தச் செய்தியிலேயே "நீங்க வாங்கினா எனக்கு 500 ரூபா கிடைக்கும்" என்ற வரியும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022இல் வந்த வழிகாட்டுதல்கள், சிபாரிசு செய்கிறவருக்கும் வணிகருக்கும் உள்ள ஆதாயத் தொடர்பை, கேட்பவர் எதிர்பாராத இடத்தில், வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. உறவினர் சொல்லை நாம் நம்புவதே அதில் ஆதாயம் இல்லை என்று நினைத்துத்தான்.

அந்த வழிகாட்டுதல்கள் விளம்பர முகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை; சாதாரண வாடிக்கையாளரை அவை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதை இந்தக் கருத்தரங்கின் முதல் அமர்வு விவாதிக்கப்போகிறது. நான் எழுதாமல் மடித்துக் கொண்டுவந்த அந்தச் சீட்டு இங்கே மேசைமேல் இருக்கிறது. கட்டுரையாளர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்கும்படி கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.