தேமலுக்கு என்ன நம்பர்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவன் தோல் வியாதியைப் பற்றிப் பேசுகிறானே என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. என்ன செய்வது, பிழைப்பு மெடிக்கல் கோடிங்கில் அமைந்துவிட்டது! அமெரிக்க டாக்டர் எழுதும் குறிப்பைப் படித்து நோய்க்குரிய எண்ணைப் போட வேண்டும். அங்கே 2015 அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி.-10 பட்டியல்தான்.

அதில் ஆர் 23.9 என்று ஓர் எண் உண்டு. 'இன்னதென்று குறிப்பிடாத தோல் மாற்றம்' என்று பொருள். டாக்டர் 'ஸ்கின் சேஞ்சஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு மேல் போக எங்களுக்கு உரிமையில்லை. படர்தாமரையா இருக்குமோ என்று நாமாக ஊகிக்கக் கூடாது. டாக்டருக்குக் கேள்வி எழுதி அனுப்பலாம், அவ்வளவுதான். இதைக் குப்பைக் கோடு என்று சிலர் கேலி செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் நாள் டாக்டருக்கே நிச்சயமில்லை என்றால் அதுதான் நேர்மையான எண். பார்த்ததை எழுதாமல் விட்டதால் அந்த எண் விழுகிறதே, அங்கேதான் எனக்கு வருத்தம்.

நம்ம வில்லியனூர், பாகூர் பக்கம் வருவோம். நடவுக்குப் போகும் ஓர் அம்மாவின் கையில் வெளிறிய திட்டு. பூஞ்சையால் வந்த தேமல் என்றால் பி 36.0. தொழுநோயின் தொடக்கம் என்றால் ஏ 30. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பால்பாயிண்ட் பேனா முனையால் திட்டைத் தொட்டு, "தெரியுதாம்மா?" என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். தொழுநோய்த் திட்டு அரிக்காது, வலிக்காது. "அதுபாட்டுக்கு இருக்குது தம்பி" என்று அவரும் விட்டுவிடுவார். கவனிக்காமல் நரம்பு கெட்டுப்போனால் விரல் மடங்கும், உள்ளங்காலில் ஆறாத புண் வரும். ஆரம்பத்திலேயே கண்டால் ஓராண்டுக்குள் இலவச மாத்திரையில் குணமாகிவிடும்.

2005 இறுதியில், தேசிய அளவில் தொழுநோய் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியது. ஒழிந்தே போயிற்று என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். 2016-இல் மறுபடியும் வீடு வீடாகத் தேட வேண்டியிருந்தது.

ஆகவே ஓ.பி. சீட்டில் 'தோல் பிரச்சினை, களிம்பு' என்று எழுதியிருந்தால் போதாது. அந்த அம்மா பிறகு ராமநாதபுரத்தில் உள்ள ஜிப்மர் கிராமப்புற சுகாதார மையத்துக்குப் போனாலும், அங்குள்ள டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 'இடது முன்கை, ஒரு திட்டு, ஆறு மாதம், உணர்ச்சி இல்லை' என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆஸ்பத்திரி சாப்ட்வேர் எழுதும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலில் 'குறிப்பிடாதது' என்பதை முதல் வரியில் வைக்காதீர்கள். வாசலில் கூட்டம் நிற்கும்போது யாராயிருந்தாலும் முதல் வரியைத்தான் அழுத்துவார்கள். எங்கே, எத்தனை நாளாக, உணர்ச்சி உண்டா என்று மூன்று கட்டம் போடுங்கள். கடைசி வருட புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். நானும் கூட வருகிறேன்.