பருவம் அறிந்து ஈதல்

திருச்சிற்றம்பலம்



பிள்ளைகளுக்கு எதனை ஈவது என்று எண்ணாத பெற்றோர் இல்லை. எப்பொழுது ஈவது என்று எண்ணுவோரே அரியர். மோட்டார் சைக்கிள் தீய பொருளன்று. தந்தையார் நாள்தோறும் அதில் ஏறியே தொழிலுக்குச் செல்கின்றார். ஆயினும் பத்து வயது மகன் கேட்டால் சாவியைக் கொடுப்பாரோ? கொடார். 18 வயது நிரம்பட்டும் என்பார். அன்பின்மையாலோ அங்ஙனம் மறுக்கின்றார்? அன்பின் மிகுதியால் அன்றோ! அதே தந்தையார், அதே மகன் கையில் திறன்பேசியைக் கொடுக்கும்போது மட்டும் வயதை நினைப்பதில்லை.

நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கூத்துக்கு விடியல் உண்டு. திறன்பேசியில் ஓடும் காணொளிக்கோ முடிவில்லை. ஒன்று முடிந்ததும் மற்றொன்று தானே தொடங்குகின்றது. பார்ப்பவர் எழாதிருக்கும் நேரமே, விளம்பரத்தின் வழி, அதனை அமைத்தோர்க்கு வருவாய் ஆகின்றது. வயது முதிர்ந்த நாமே நள்ளிரவிலும் அதனைக் கீழே வைக்கமாட்டாது இருக்கின்றோம். ‘போதும்’ என்று தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும் ஆற்றல் இன்னும் முதிராத குழந்தை என் செய்யும்? உறக்கம் குறையும்; ஓடியாடும் பொழுது குறையும். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரைமுன் அமர்ந்திருத்தல் ஆகாது. அதனினும் குறைவாயின் நன்று. ஒரு வயதுக் குழந்தைக்கு அது வேண்டவே வேண்டா என உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

இவையெல்லாம் அறிந்தும் ஏன் கொடுக்கின்றோம்? 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமே திறன்பேசி வழியாக வந்தது. அன்று அது தேவை. பள்ளி திறந்த பின்னரும் கருவி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. கேட்டால், “வகுப்பில் எல்லாரிடமும் இருக்கிறதே, என் பிள்ளை மட்டும் ஏங்கி நிற்பதா?” என்கிறாள் தாய். அவள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அடுத்த வீட்டுத் தாயும் இதனையே சொல்கிறாள்! ஒருவர்க்கு ஒருவர் அஞ்சி, எல்லாருமே மனமின்றிக் கொடுக்கின்றோம்.

இம்முடிச்சை அவிழ்த்துக் காட்டிய ஊர் ஒன்று உண்டு. அயர்லாந்து நாட்டில், டப்ளின் நகருக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ளது கிரேஸ்டோன்ஸ். சிறுவரிடையே மனக்கலக்கம் பெருகுவதை ஆசிரியரும் பெற்றோரும் கண்டனர். 2023-இல் அப்பகுதியின் எட்டுத் தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த பெற்றோர் சங்கங்கள் கூடி, பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளி சேரும்வரை, அதாவது ஏறத்தாழ 12 வயது வரை, திறன்பேசி வாங்கித் தருவதில்லை என உடன்பட்டன. சட்டமில்லை, தண்டமில்லை, மனமொத்த உடன்பாடு ஒன்றே. அமெரிக்காவில் 2017-இல் தொடங்கிய ஓர் இயக்கம், எட்டாம் வகுப்பு முடியும்வரை பொறுத்திருப்போம் என்று உறுதிமொழி பெறுகின்றது. ஒரே வகுப்பில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்த பின்னரே அவ்வுறுதி நடைமுறைக்கு வரும். தனித்து நிற்றல் அரிது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. தேர்வடத்தை ஒருவர் பற்றி இழுத்தால் தேர் அசையுமோ? ஊர்கூடி இழுத்தாலன்றோ நிலையை விட்டு நகரும்! இதோ, இத்திருவிழாவில் ஒரே பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் கூடியிருக்கின்றீர்கள். பத்து வீட்டார் ஓரிடத்தில் அமர்ந்து, இன்ன வகுப்பு வரை தருவதில்லை என்று முடிவு செய்தல் ஆகாததா?

தாய் வேலைக்குச் செல்லும் வீட்டில் பிள்ளை அழைத்துப் பேச வேண்டாவா எனில், பொத்தான் வைத்த எளிய கைப்பேசி போதும். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறதே எனில், பெற்றோரின் பேசியிலேயே, கூடத்தில், பெரியவர் அருகிருக்கப் பார்க்கட்டும். பார்த்ததும் திருப்பித் தரட்டும். மற்றொன்றும் உண்டு. உண்ணும்போதும் உறங்கும்போதும் நம் கையில் அது இருக்குமாயின், நம் சொல் பிள்ளையின் செவியில் ஏறாது. முதலில் நாம் கீழே வைப்போம்.

மறுப்பதன்று இது, பருவம் வரும்வரை காத்தலே. விளையாட்டும் உறக்கமும் நிறைந்த பிள்ளைப்பருவம் ஒருமுறையே வருவது. அதனை முழுமையாகத் தந்த பெற்றோர்க்குப் பிள்ளைகள் பின்னாளில் நன்றி கூறுவர். எல்லா வீட்டுக் குழந்தைகளும் நலம் பெற வாழ்த்தி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்