பேசிக்கிட்டே ஓடினோம்

சேமிப்பு, கடன், தொழில் பற்றி எனக்கு முன்னால் பேசிய அக்காமார்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஓட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பின்வரிசையில சிரிக்கிறது கேட்குது. பரவாயில்லை.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்தவங்க எனக்குச் சர்க்கரை பார்த்துவிட்டு, "எல்லையில நிக்குது, தினமும் நடங்க" என்றார்கள். நாங்கள் மூணு பேர் ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தோம். நடை எப்போ ஓட்டமாச்சுன்னு கேட்டா, நாய் துரத்தின அன்னிக்குன்னுதான் சொல்லணும்.

சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறவன். அவன் போனில் ஒரே ஒரு விஷயம் சொன்னான். "ஓடும்போது பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேச முடியணும்க்கா. மூச்சு வாங்கிப் பேச்சு வரலேன்னா வேகம் ஜாஸ்தி, குறைச்சுக்கோ."

அங்கேதான் எனக்குச் சிக்கல். மூணாவது மாசம் எங்களோடு ஒரு அக்கா சேர்ந்தாங்க. எங்க குழுதான், ஆனா ஒன்றரை வருஷமா எங்களுக்குள்ள பேச்சு கிடையாது. நான் ஊக்குநராக இருந்தபோது அவங்க மூணு தவணை கட்டவில்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாடியும், "வாங்கும்போது மட்டும் இனிச்சுதா?" என்று கேட்டுவிட்டேன். தவணையைக் கேட்டது தப்பில்லை, அந்த வார்த்தை தப்பு. பிறகு அவங்க பாக்கியை முழுசாக் கட்டிட்டாங்க. என் முகத்தைத்தான் பார்க்கல.

மத்த ரெண்டு பேரும் வேகமாப் போயிடுவாங்க. பின்னாடி இருட்டுல நாங்க ரெண்டு பேர் மட்டும். பத்து நாள் செருப்புச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் ஒரு நாள் மதகுகிட்ட அவங்களே, "மூச்சு வாங்குதா? மெதுவாப் போலாம்" என்றாங்க. அன்று மதகிலிருந்து கோயில் வரை பேசினோம். அந்த மூணு மாசமும் அவங்க வீட்டுக்காரருக்கு வேலை இல்லையாம், குழுவில் சொல்லக் கூச்சமாம். நான் மன்னிப்புக் கேட்டேன். எதிரெதிரே உட்கார்ந்திருந்தா எனக்கு வாய் வந்திருக்காது. ஓடும்போது ரெண்டு பேரும் பாதையைத்தானே பார்க்கிறோம்.

ஜனவரியில் சென்னையில் நடந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தம்பி எங்க ரெண்டு பேருக்கும் பேர் கொடுத்தான். 7-வது கிலோமீட்டரில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அக்கா நின்னாங்க. முன்பின் தெரியாத ஒரு பெரியவரும் நின்னார், எழுபது வயசு இருக்கும். காலை நீட்டி, விரல்களை என் பக்கமா மடக்கிப் பிடிக்கச் சொன்னார். தன் பாட்டிலைக் கொடுத்தார். "உங்க நேரம் போகுதே ஐயா" என்றேன். "அடுத்த வருஷமும் ஓடத்தானே போறேன்" என்று சொல்லிட்டுக் கிளம்பிட்டார். பேர்கூடக் கேட்கல.

தென்னாப்பிரிக்காவில் 'காம்ரேட்ஸ்' என்று ஓர் ஓட்டம் இருப்பதாகத் தம்பி சொன்னான். முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக 1921-ல் தொடங்கியது. முதல் தடவை 34 பேர் ஓடி 16 பேர்தான் முடித்தார்களாம். பெண்களை முறைப்படி சேர்த்தது 1975-ல். (நம்மை எங்கேயும் லேட்டாத்தான் கூப்பிடுறாங்க.) டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே சுமார் 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள் முடிக்கணும். தனியா முடியாதுன்னு பயப்படுறவங்க கூட்டமாச் சேர்ந்து ஓடுவாங்க. அந்தக் கூட்டத்துக்குப் பேரு 'பஸ்', முன்னாடி போறவர் 'டிரைவர்'. எங்கே நடக்கணும், எங்கே ஓடணும்னு அவர் சொல்வார். பாடிக்கிட்டே போவாங்களாம். வழியில யார் வேணும்னாலும் ஏறிக்கலாம், டிக்கெட் கிடையாது.

இப்போ நாங்க பதினோரு பேர். அந்த அக்காதான் எங்க டிரைவர். காலை 5 மணிக்கு மதகுகிட்ட இருந்து பஸ் கிளம்பும். ஷூ இல்லையேன்னு யோசிக்காதீங்க, என் காலில் இருப்பது என் மகளோட பழைய பள்ளிக்கூட ஷூ. நாய்க்கு ஒரு குச்சி இருக்கு. ஊக்குநர்களும் வரலாம், ஆனா தவணைப் பேச்சு எடுக்கக் கூடாது.