சான்றிதழ் கேட்ட அரசும் சட்டம் போட்ட அரசும்

(இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்பிற்குரிய சகோதரர்களே! நம் இளைஞர்கள் அடிக்கடி என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஈஸா நபி (அலை) அவர்களின் பெயரைச் சொன்ன ஒரு சின்னக் கூட்டத்தின் கைக்கு முந்நூறு சொச்சம் ஆண்டுகளில் ரோமப் பேரரசே வந்துவிட்டதே! அதிகாரம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு இது போதாதா ஹஜ்ரத்?" என்கிறார்கள். அந்த வரலாற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

கி.பி. 250. ரோமப் பேரரசன் டீசியஸ் போட்ட உத்தரவு: நாட்டில் உள்ள அனைவரும் அரசுத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் எகிப்து மணலில் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்து உயிரை விட்டார்கள். சிலர் பயந்து பலியிட்டார்கள். இன்னும் சிலர் இருந்தார்கள், வியாபாரிகளே, கவனியுங்கள். அவர்கள் பலியிடவில்லை, அதிகாரிக்குப் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஈமானும் போகக் கூடாது, சொத்தும் போகக் கூடாது! இவர்களைத் திரும்பச் சேர்ப்பதா, விலக்குவதா என்று அந்தச் சமுதாயமே பிளந்து நின்றது.

அதே காலத்தில், 251 வாக்கில், ரோம் நகரத் தலைமைப் பாதிரியார் கொர்னேலியஸ் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தம் சபை 1500க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் பராமரிக்கிறது என்று அதில் கணக்குச் சொல்கிறார். கையில் ஆட்சி இல்லை. எந்த நேரமும் தலை போகலாம். அந்த நிலையில் இந்தக் கணக்கு! நம் மஹல்லாவில் எத்தனை விதவைகள் இருக்கிறார்கள் என்று கேட்டால் சந்தாப் புத்தகத்தைப் புரட்டிச் சொல்ல எத்தனை ஜமாஅத்துகளால் முடியும்? நூறு ஆண்டுக்குப் பிறகு, 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியன் பழைய தெய்வங்களை மீட்க முயன்றபோது, தன் கோயில் பூசாரிகளைத்தான் கடிந்துகொண்டான். ஏழைகளை நீங்கள் கைவிட்டீர்கள், அவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது அவனுடைய குறை.

303இல் டயோக்ளீஷியன் தேவாலயங்களை இடித்தான், வேதப் பிரதிகளை எரித்தான். ஒழிக்க முடியவில்லை. 311இல் கலேரியஸ் என்ற பேரரசனே உத்தரவைத் திரும்பப் பெற்றான். மறு ஆண்டு கான்ஸ்டன்டைன் ரோமைக் கைப்பற்றினான். 313இல் மிலான் நகரில் அவனும் லிசினியஸும் செய்த முடிவு என்ன தெரியுமா? கிறிஸ்தவர்களுக்கும் மற்ற எல்லோருக்கும் வழிபாட்டு உரிமை. பறித்த சொத்துகள் திரும்பத் தரப்படும். அவ்வளவுதான். கிறிஸ்தவம் அரசு மதமானது அன்றல்ல. பலரும் இதைத் தவறாகச் சொல்கிறார்கள்.

அரசனின் தயவு வந்தபின் அரசனும் உள்ளே வந்தான். 325இல், இன்றைய துருக்கியில் உள்ள நிக்கேயாவில், சுமார் 300 ஆயர்களைக் கூட்டினான் கான்ஸ்டன்டைன். அப்போது அவன் ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை. ஈஸா நபி (அலை) அவர்கள் படைக்கப்பட்டவரே, இறைவனுக்குச் சமமானவர் அல்லர் என்று சொன்ன அரியூஸ் நாடு கடத்தப்பட்டார். (பைபிளில் எந்த நூல் இருக்க வேண்டும் என்று அங்கேதான் ஓட்டுப் போட்டார்கள் என நம் மேடைகளில் சிலர் முழங்குகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரமில்லாததை யாருக்கு எதிராகவும் பேசாதீர்கள்.) சில ஆண்டுகளில் காற்று மாறியது. அரியூஸ் திரும்ப அழைக்கப்பட்டார். அவரை எதிர்த்த அத்தனாசியூஸ் 335இல் நாடு கடத்தப்பட்டார். அரண்மனை எந்தப் பக்கம் சாய்ந்ததோ, அந்தப் பக்கம் சரியான கொள்கை!

380இல் தியோடோசியஸ் சட்டம் போட்டான். ரோம், அலெக்சாந்திரியா ஆயர்களின் கொள்கையையே குடிமக்கள் எல்லோரும் ஏற்க வேண்டும். ஏற்காதவர்கள் வழிகேடர்கள், தண்டனை உண்டு. 392இல் பழைய தெய்வங்களை வீட்டுக்குள் வணங்குவதற்கும் தடை வந்தது. டீசியஸ் சான்றிதழ் கேட்டு 142 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இடையில் 388இல் நடந்ததையும் கேளுங்கள். யூப்ரடீஸ் கரையில் கல்லினிக்கும் என்ற ஊரில், ஆயரின் தூண்டுதலால் ஒரு கும்பல் யூதர்களின் ஆலயத்தைக் கொளுத்தியது. ஆயரே செலவழித்துத் திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று பேரரசன் நியாயமாகத்தான் உத்தரவிட்டான். மிலான் ஆயர் அம்புரோஸ் விடவில்லை. உத்தரவைக் கைவிடும்வரை பூசையைத் தொடர மாட்டேன் என்று தேவாலயத்திலேயே பேரரசன் முன் நின்றார். பேரரசன் பணிந்தான். வழிபாட்டுத் தலத்தை இழந்தவனுக்கு அரசின் வாக்குறுதியும் பறிபோனால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அல்ஹஜ் அத்தியாயத்தின் 40ஆம் வசனம் பள்ளிவாசல்களோடு யூதர்கள், கிறிஸ்தவர்களின் ஆலயங்களையும் சேர்த்தே பேசுவதை வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள்.

அந்தக் கல்லினிக்கும்தான் இன்றைய சிரியாவின் ரக்கா. அந்தப் பெயரைக் கேட்டதும் நம் கதையையும் சொல்லியாக வேண்டும். ஹிஜ்ரி 218, அதாவது கி.பி. 833இல், அதே ரக்காவிலிருந்துதான் கலீஃபா மஃமூன் பக்தாதுக்குக் கடிதம் அனுப்பினார்: குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஆலிம்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், மறுப்பவர்களை விசாரிக்க வேண்டும். எத்தனையோ பேர் ஒப்புக்கொண்டார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) ஒப்புக்கொள்ளவில்லை. மஃமூன் இறந்தார், அடுத்து வந்த முஃதஸிம் காலத்தில் இமாமுக்குச் சவுக்கடி விழுந்தது. அடித்தவர்களும் தொழுகிறவர்கள்தாம். அந்த விசாரணைகளை முதவக்கில் நிறுத்துவதற்குள் மூன்று கலீஃபாக்களின் காலம் கடந்துவிட்டது.